நவீன நாடகக் குழுவுக்கு ஆடிஷன்: கொங்கு ஊர்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்கிறோம் என்று அறிவிக்கும்போதெல்லாம் கீழே என் போன் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, கரூர் என்று எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். சாயங்காலம் பூரா ஒரே பழமையை (பேச்சுக்கு எங்கள் பக்கத்துச் சொல்) பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன ஒருநாள், இனி எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் பதினாலு பேர். பல்லடம் பக்கம் ஓடாமல் கிடக்கும் ஒரு தறிக்குடோனில் கூடுகிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. நவீன நாடகம்னா என்னங்க? நோம்பிக்குப் போடறாங்களே, அதுவா?

அது வேறு. மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் ஒரு மரபு. சபாவில் நடுவே சோபா போட்டு நடக்கும் குடும்ப நாடகம் இன்னொன்று. நாங்கள் செய்வது தமிழில் 1970-களின் கடைசியில் சூடு பிடித்த ஒன்று. 1977-ல் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். அடுத்த ஆண்டு சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷாவும் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தன. 1980-ல் வங்காளத்து நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரு பட்டறை நடத்தினார். திரையும் செட்டும் இல்லாமல், டிக்கெட் விற்காமல், நடிகரின் உடம்பை மட்டும் நம்பி நாடகம் போடலாம் என்று இங்கே பலருக்குத் தைரியம் வந்தது அதற்குப் பிறகுதான்.

குழு என்பதையும் கவனியுங்கள். இங்கே ஹீரோ, துணை நடிகர் என்ற பிரிவு கிடையாது. இன்றைக்கு ராஜாவாக நின்றவர் நாளைக்கு ஓரமாக உட்கார்ந்து பறை தட்டுவார். ஒரு நாடகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளாக வருவதும் உண்டு.

2. எனக்கு நடிப்பே தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துல கூட மேடை ஏறுனதில்ல. வரலாமுங்களா?

வாங்க. எங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

சோமனூர்ப் பக்கமிருந்து விசைத்தறி ஓட்டும் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பேசினால் குடோன் அதிரும். தறிச் சத்தத்துக்கு நடுவே இருபது வருசம் கத்திப் பேசிய தொண்டை. ஆனால் பேச்சில்லாத பயிற்சிகள் தொடங்கியதும் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார். எதிரில் இருப்பவர் மூச்சு இழுக்கும்போதே அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். எப்படிங்க என்று கேட்டால், "தறி ஓடறப்ப காது எங்க கேக்கும்? உதட்டையும் கையையும் பாத்துத்தானே பழமை பேசிக்குவோம்" என்றார். நாடகப் பள்ளியில் சொல்லிக் கொடுக்க மாசக்கணக்கில் ஆகும் ஒன்றை அவருக்குத் தறி கற்றுக் கொடுத்திருந்தது.

3. ஆளே கெடைக்கறதில்லைன்னு சொல்றீங்க. அப்பறம் எதுக்கு ஆடிஷன்? வர்றவங்களை எல்லாம் சேத்துக்க வேண்டியதுதானே?

ஒரு வருசம் அப்படித்தான் செய்தோம். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேரைக் காணோம். நாலு பேர் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்கி நிறுத்தும் காட்சியில் ஒரு ஆள் வராவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. அந்த நாடகத்தை மூன்று முறை கலைத்துக் கட்டினோம். கடைசியில் ஒரே ஒரு ஊரில் போட்டுவிட்டு மூட்டை கட்டினோம்.

அதனால் ஆடிஷனில் நாங்கள் தேடுவது பெரிய நடிகரை இல்லை. மூன்று மாசம் ஒரே கூரைக்கடியில், வேர்வை நாற்றத்தோடு, ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா என்று பார்க்கிறோம். நீங்களும் எங்களை அப்படியே பாருங்கள். ஒத்துவரவில்லை என்று இடைவேளையிலேயே சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு, வருத்தமே இல்லை.

4. அன்னைக்கு என்னதாங்க நடக்கும்? கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்றாகத்தான் கூப்பிடுவோம். தனி அறை, மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள், "அடுத்த ஆள்" என்று குரல், இதெல்லாம் கிடையாது. நாங்களும் உங்களோடு இறங்கிச் செய்வோம்.

முதல் அரை மணி நேரம் வெறும் நடை. குடோன் முழுக்க, இடிக்காமல், எந்த மூலையும் காலியாக விழாமல் எல்லோரும் நடக்க வேண்டும். கை தட்டினால் நிற்க வேண்டும். அப்புறம் கைதட்டல் இருக்காது. யாரும் சைகை காட்டாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். முதல் நாலைந்து முறை சொதப்பும், சிரிப்பு வரும். அடுத்து ஒரு தடவை, எப்படி என்றே தெரியாமல், பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் நின்றுவிடுவார்கள். வெளியே வேப்பமரத்தில் காக்கா கத்துவது கேட்கும். அதற்கு மேல் உங்களுக்கு ஆடிஷன் பயம் இருக்காது.

பிறகு கண்ணாடிப் பயிற்சி: இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் பிம்பம் மாதிரி செய்வது. அப்புறம் ஒரு முறத்தை வட்டத்தில் விடுவோம். முறத்தைத் தவிர வேறு எதுவாகவும் அதை மாற்றிக் காட்ட வேண்டும். குழந்தை, ஸ்டியரிங், பாஸ்போர்ட், யானைக் காது எல்லாம் வந்திருக்கிறது. அடுத்து நாலு நாலு பேராகப் பிரித்து, "உக்கடம் பஸ் ஸ்டாண்டு, கடைசி பஸ் போய்விட்டது" என்பது போல ஒரு வரி கொடுப்போம். ஐந்து நிமிசம் பேசி வைத்துக்கொண்டு, வசனமே இல்லாமல் காட்ட வேண்டும். டீ. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தயார் செய்து வந்த இரண்டு நிமிசம்.

நாங்கள் நிஜமாகக் கவனிப்பது அந்த இரண்டு நிமிசம் முடிந்த பிறகு. "நல்லாருக்கு. இதையே காது கேக்காத உங்க அப்புச்சிக்குச் சொல்ற மாதிரி செய்யுங்க" என்போம். அல்லது உட்கார்ந்தபடி, அல்லது சத்தமே இல்லாமல். சிலர் முதலில் செய்ததையே கொஞ்சம் சத்தமாகச் செய்வார்கள். சிலர் ஒரு நிமிசம் முழித்துவிட்டு, எங்கேயோ குதித்துவிடுவார்கள். தப்பாகக் குதித்தாலும் பரவாயில்லை.

இடையில் ஒரு சேதி. குடோனைக் கூட்ட விளக்குமாறை எடுத்தவரைத்தான் இவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. போன தடவை மூன்று பேர் விளக்குமாறுக்குச் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு ரகசியப் பரீட்சையும் இல்லைங்க. நாங்களே கூட்டி வைத்துவிடுகிறோம்.

5. சினிமா டயலாக் பேசிக் காட்டலாமுங்களா?

தடை இல்லை, ஆனால் வேண்டாம். நானே பட்ட பாடு இது. கல்லூரி முடித்த கையோடு ஒரு குழுவின் ஆடிஷனுக்குப் போனேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நீதிமன்ற வசனத்தை மூச்சு விடாமல் பேசி முடித்தேன். நெறியாளர் கேட்டார்: "தம்பி, இது அவர் குரல். உங்க குரல் எங்கிருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. கோபத்தோடு பஸ் ஏறியதுதான் ஞாபகம்.

பிரபலமான வசனத்தை எடுத்தால், அதைப் பேசிய நடிகர் உங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். பார்ப்பவர்கள் அவரைத்தான் பார்ப்பார்கள். மிமிக்ரி பெரிய திறமைதான். நாங்கள் தேடுவது அது இல்லை, அவ்வளவுதான்.

6. அப்ப எதைத் தயார் பண்ணிட்டு வரட்டும்?

நீங்கள் கூர்ந்து பார்த்த ஒன்றை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மிணி வந்தது. வசனம் எதுவும் இல்லை. ஸ்டூல் கூட வேண்டாம் என்று நின்றபடி தொடங்கியது. இடது கையால் பனியனை இழுத்து, விரித்து, கழுத்துப்பட்டியை ஒரு ஓட்டம் பார்த்து, திருப்பி, பிசிறை வெட்டி, மடித்துத் தள்ளுவது. அடுத்தது. அதற்கடுத்தது. கையில் துணியும் இல்லை, கத்தரியும் இல்லை. நாற்பதாவது நொடியில் வேகம் கூடியது; யாரோ சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார் என்று எங்களுக்கே தெரிந்தது. ஒரு பனியனில் கறை. அதை ஒதுக்கலாமா, நல்லதோடு தள்ளிவிடலாமா என்று கை ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. யாரும் பேசவில்லை.

அது மாதிரி உங்களிடமும் ஒன்று இருக்கும். மஞ்சள் ஏலத்தில் நின்ற அப்பாவின் முகம், தேங்காய் உரிக்கும் கை, ஒறம்பரை (விருந்தாளி) வந்த வீட்டில் சமையல்கட்டுக்குள் நடக்கும் குசுகுசு. பாட்டு வந்தால் பாட்டு. உடுக்கடிப் பாட்டில் நாலு வரி தெரிந்தால் அமோகம். பேப்பரில் வந்த ஒரு சின்னச் செய்தியை எடுத்து உங்கள் போக்கில் சொன்னாலும் சரி. இரண்டு நிமிசத்துக்கு மேல் வேண்டாம்.

7. நடுவுல மறந்துட்டா?

நில்லுங்கள், மூச்சு விடுங்கள், விட்ட இடத்திலிருந்து பிடியுங்கள். பிடிக்க முடியவில்லை என்றால் "மறந்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள். மறந்ததற்காக யாரையும் நாங்கள் தள்ளியதில்லை. மறந்ததை மறைக்க ஐந்து நிமிசம் அழுது காட்டிய ஒருவரைத் தள்ளியிருக்கிறோம்.

8. என்ன போட்டுட்டு வரணும்? போட்டோ, பயோடேட்டா எல்லாம் வேணுமா?

தரையில் உருளக்கூடிய துணி. ஜீன்ஸ் வேண்டாம், முட்டி மடங்காது. வளையல், செயின், வாட்ச் வீட்டில். செருப்பு வாசலில். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்து வார்ம்-அப்பில் ஓரமாகப் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. போட்டோ வேண்டாம், பயோடேட்டா வேண்டாம். முட்டிவலி, வீசிங், ஆபரேசன் ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

9. எனக்கு நம்மூருப் பேச்சுத்தாங்க வரும். 'ஏனுங்க'ன்னா சிரிக்க மாட்டாங்களா?

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது, ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். சினிமாவில் கோயமுத்தூர்ப் பேச்சு என்றாலே ஒன்று காமெடி, இல்லாவிட்டால் பண்ணையார். அந்தப் பேச்சில் ஒருத்தர் அழுதோ, சந்தேகப்பட்டோ, தத்துவம் பேசியோ நாம் அதிகம் பார்த்ததில்லை. அதனால் நமக்கே நம் பேச்சு மேடைக்கு ஆகாது என்று தோன்றிவிட்டது. நாங்கள் நாடகம் போடுவதற்கு ஒரு காரணமே இந்த எண்ணத்தை உடைப்பது.

ஆனால் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 'ங்க'வை வாலில் ஒட்டினால் கொங்குத் தமிழ் ஆகிவிடாது. கோபிக்காரர் பேசுவதும் பொள்ளாச்சிக்காரர் பேசுவதும் ஒன்றில்லை; கரூர் தாண்டினால் இன்னொன்று. ஒரே ஊரிலேயே தோட்டத்துக்காரர் பேச்சும் அங்கே வேலைக்கு வருகிறவர் பேச்சும் வேறு. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் தெருப்பேச்சாகிவிட்டன. எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் கன்னடம். அழும் காட்சியில் அவரை அறியாமல் கன்னடம் வந்தது, அப்படியே வைத்துக்கொண்டோம். உங்கள் வாயில் எது ஓடுகிறதோ அதைப் பேசுங்கள். ரேடியோ தமிழுக்கு மாறினால்தான் நான் சிரிப்பேன்.

10. வயசு 54 ஆச்சுங்க, ஒடம்பும் கொஞ்சம் பெருசு. குட்டிக்கரணம் எல்லாம் போட முடியாது.

போட வேண்டாம். எல்லோரும் இருபத்திரண்டு வயசு ஒல்லிப் பிள்ளைகளாக இருக்கும் குழுவில் அப்பாரு வேசத்துக்குப் பவுடர் பூசி முடியை வெளுக்க வேண்டியிருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. உடம்பை வைத்துச் செய்யும் நாடகம் என்றால் சர்க்கஸ் உடம்பு என்று அர்த்தமில்லை. மெதுவாக எழுந்து நிற்கும் ஒரு உடம்பு மேடையில் நிறையப் பேசும்.

11. நான் பதினஞ்சு வருசமாக் கூத்து கட்டறேன். எனக்குமா ஆடிஷன்?

பவானிப் பக்கமிருந்து கூப்பிட்ட ஒரு கலைஞர் கேட்டது, நியாயமான கோபம். ராத்திரி பத்து மணிக்கு முகவீணை தொடங்கினால் விடியும்வரை அடவும் பாட்டும் வசனமுமாக நிற்பவரிடம், இரண்டு நிமிசம் செய்து காட்டுங்கள் என்று கேட்க எங்களுக்கும் கூச்சம்தான். கூத்திலிருந்து எடுத்தாண்டுதான் தமிழ் நவீன நாடகம் காலூன்றியது என்பதையும் மறக்கவில்லை.

ஆனாலும் வந்து ஒரு நாள் இருங்கள் என்றுதான் கேட்டேன். கூத்தில் உங்களுக்கு வேசமும் கதையும் முன்பே தெரியும்; பின்பாட்டுக்காரர் உங்கள் மூச்சுக்குத் தோள் கொடுப்பார். இங்கே இரண்டும் இல்லை. சிலருக்கு அது விடுதலை, சிலருக்கு எரிச்சல். அவர் வந்தார், இருந்தார், மத்தியானம் சாப்பிடும்போது "உங்களுக்கெல்லாம் காலே தரையில நிக்கலையே" என்றார். சரியான பேச்சு. குழுவில் சேரவில்லை. இப்போது அவ்வப்போது வந்து எங்களுக்கு அடவு சொல்லித் தருகிறார், கூலி கொடுக்கிறோம்.

12. கண்ணை மூடிட்டுப் பின்னால சாயச் சொல்வீங்களாமா? எனக்கு அது முடியாதுங்க.

முடியாவிட்டால் செய்ய வேண்டாம். அந்தப் பயிற்சியை ஆடிஷனில் இப்போது வைப்பதே இல்லை. காலையில் அறிமுகமான ஆட்கள் கையில் மத்தியானத்துக்குள் நம்பி விழு என்பது அடாவடி. நம்பிக்கை ஒத்திகையில் தானாக வரும், அப்போது பார்க்கலாம்.

தொடுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையைப் பிடிப்பது, தோளில் சாய்வது எதுவானாலும் முதலில் கேட்டுவிட்டுத்தான். "வேண்டாமுங்க" என்றால் காரணம் கேட்க மாட்டோம், மார்க் குறைக்க மாட்டோம்.

13. எம்புள்ள வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நாங்க எப்படீங்க நம்பி அனுப்பறது?

நம்பாதீங்க, வந்து பாருங்க. ஆடிஷன் அன்றைக்கு நீங்களும் வந்து ஓரமாக உட்காரலாம். எங்கள் குழுவில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள், அவர்களோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஒத்திகை ஏழரைக்கு முடிந்துவிடும், கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் உங்கள் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டோம்.

எந்தக் குழுவுக்கு அனுப்பினாலும் ஒன்றைக் கேளுங்கள்: ஏதாவது தப்பு நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? வேலை இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் புகார்க் குழு உண்டு. கேட்டதும் மழுப்புகிற இடம் வேண்டாம். தனியாக வரச் சொல்கிற ஆடிஷன், ராத்திரி ஆடிஷன், லாட்ஜ் அறையில் ஆடிஷன், "தைரியம் இருக்கான்னு பாக்கறோம்" என்று கூச்சத்தைச் சோதிக்கிற ஆடிஷன், எதற்கும் போக வேண்டாம். பரிசோதனை நாடகம் என்ற பெயரில் இதெல்லாம் நடந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன்.

14. ஆடிஷனுக்குப் பணம் கட்டணுமா? சேந்தா சம்பளம் உண்டா?

ஆடிஷனுக்குப் பணம் கிடையாது; வேறு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பயிற்சிப் பட்டறைக்குக் கட்டணம் வாங்குவது வேறு விசயம், அதில் சாப்பாடும் ஆசிரியர் செலவும் இருக்கிறது.

சம்பளம் இல்லை. ஒத்திகைக்கு வர பஸ் காசும் டீயும் உண்டு. யாராவது நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தால், வண்டி வாடகை போக மீதியைப் பதினாலாகப் பிரித்துக்கொள்கிறோம். கணக்கு நோட்டு எல்லோரும் பார்க்கும்படி ஆணியில் தொங்குகிறது. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

15. கம்பெனியில ஷிப்டு மாத்தி மாத்திப் போடறாங்க. ஒத்திகைக்கு எப்படி வர்றது?

வாரம் மூன்று நாள் சாயங்காலம், ஞாயிறு முழுநாள், மூன்று மாசம். நைட் ஷிப்டு வாரத்தில் ஞாயிறு மட்டும் வருகிறேன் என்று முன்பே சொன்னால் அதற்கேற்பக் காட்சி அமைப்போம். சொல்லாமல் நிற்பதுதான் சிக்கல். ஏன் என்று 3-வது கேள்வியில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின மாசம் திருப்பூர் ஆட்களை நாங்களே கூப்பிடுவதில்லை.

16. உள்ளதச் சொல்லுங்க, சினிமாவுக்குப் போக இது வழிதானே?

பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் கூத்துப்பட்டறையில் இருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். அதனால் இந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்கிறவர்கள், அதே பட்டறையில் அதே பயிற்சி எடுத்துவிட்டு நாடகத்தோடேயே நின்றவர்களை எண்ணுவதில்லை.

சினிமா ஆசையோடு வரலாம். வாய்ப்பு வந்தால் போகலாம். நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்னால் மட்டும் போகக் கூடாது.

17. சாதி பாப்பீங்களா?

கேட்க மாட்டோம். ஆனால் கேட்காமலே தெரிந்துவிடும் ஊர் இது. ஊர்ப் பேரையும் எந்தப் பக்கத்து வீதி என்பதையும் சொன்னால் போதும். அதனால் "நாங்க பாக்கறதில்லைங்க" என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

ஒரு தடவை, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையிலிருந்து ஒரு பகுதியை எடுத்தோம். நிலக்கார அண்ணன் தம்பிகளான பொன்னராக யார், சங்கராக யார், கூடவே போய்ச் சாகும் தாழ்த்தப்பட்ட சாதித் துணையாள் சாம்புகனாக யார் என்று பேச்சு வந்ததும், எல்லோரும் அவரவர் "பொருத்தமான" வேசத்துக்குத் தானாக நகர்ந்ததைப் பார்த்தோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ஒத்திகையை நிறுத்தி உட்கார்ந்து பேசினோம், ராத்திரி பத்து வரைக்கும். கடைசியில் மூன்று வேசத்தையும் காட்சிக்குக் காட்சி ஆள் மாற்றிச் செய்வது என்று முடிவு. இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். இந்த மாதிரிப் பேச்சுக்கு உட்கார முடியாதவர்களுக்கு எங்கள் இடம் சிரமம்தான்.

18. என்னை எடுத்துட்டாங்க. ஆனா ஸ்க்ரிப்டே இல்லைங்கறாங்க. ஏமாத்தறாங்களா?

பெரும்பாலும் இல்லை. சில நாடகங்கள் எழுதிய பிரதியிலிருந்து தொடங்கும். சில, ஒரு செய்தியிலிருந்தோ பொருளிலிருந்தோ தொடங்கி, ஒத்திகையில் நடிகர்கள் செய்து பார்ப்பதைச் சேர்த்துக் கோத்து உருவாகும். 6-வது பதிலில் சொன்ன அந்த அம்மிணியின் கைகளிலிருந்து எங்களுக்கு இருபது நிமிச நாடகம் ஒன்று கிடைத்தது. முதல் மாசம் நாள்பூரா விளையாட்டுத்தான் நடக்கிறது என்று தோன்றும். இரண்டாவது மாசமும் அப்படியே என்றால், நெறியாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

19. மூணு வாரமா என்னை மரமா நிக்கச் சொல்றாங்க. கேரக்டர் எப்பத் தருவாங்க?

மரம்தான் கேரக்டர். சும்மா சொல்லவில்லை. நோம்பிக்குக் கம்பம் சுற்றி ஆடியிருப்பீர்கள்; நடுவில் நிற்கும் அந்தக் கம்பத்தை எடுத்துவிட்டால் ஆட்டம் என்ன ஆகும்? அசையாமல் நின்றபடி மற்றவர்களின் மூச்சைக் கேட்கப் பழகத்தான் அது. ஆனால் வருசம் முழுக்க ஒரே ஆளை மரமாக வைத்து ஒரே ஆளை நாயகனாக வைக்கிற குழு, 1-வது பதிலில் சொன்ன அர்த்தத்தில் குழுவே இல்லை.

20. எங்கூட்டுக் கதையச் சொன்னேன். அத நாடகத்துல சேத்துட்டாங்க. அது ஆருக்குச் சொந்தம்?

இந்தப் பட்டியலிலேயே முடிச்சான கேள்வி. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதி வைத்த பிரதிக்கு, ஒரு வடிவத்துக்குத்தான் பாதுகாப்புத் தரும். வாய்ப்பேச்சில் சொன்ன கருவுக்குத் தராது. ஆகவே நாடகத்தை எழுதித் தொகுத்தவர் பெயர் மட்டும் நோட்டீசில் வந்தால், சட்டப்படி நீங்கள் அதிகம் செய்ய முடியாது.

அதனால் நாங்கள் ஒத்திகை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம்: பிரதி குழுவுக்குச் சொந்தம், உருவாக்கத்தில் பங்கெடுத்த எல்லோர் பெயரும் வரும், வீட்டுக் கதையைச் சொன்னவர் வேண்டாம் என்றால் எந்தக் கட்டத்திலும் அதை எடுத்துவிட வேண்டும். கடைசி விதியால் ஒருமுறை நல்ல காட்சி ஒன்று போனது. சொன்னவரின் அத்தை நாடகம் பார்க்க வருவதாக இருந்தது.

ஆடிஷனில் சொல்லும் கதைக்கும் இதே விதிதான். உங்களை எடுக்காமல் உங்கள் கதையை மட்டும் எடுக்க மாட்டோம்.

21. நல்லாத்தான் பண்ணுனேன். எல்லாரும் கை தட்டுனாங்க. ஏன் என்னை எடுக்கல?

அனேகமாக நன்றாகத்தான் செய்திருப்பீர்கள். 4-வது பதிலை மறுபடி பாருங்கள். இரண்டு நிமிசம் உங்களுடையது, மற்ற மூன்றே முக்கால் மணி நேரம் பொது. அடுத்தவர் செய்துகொண்டிருக்கும்போது போனை நோண்டியது, நாலு பேர் காட்சியில் மற்ற மூவருக்கும் வசனம் பிரித்துக் கொடுத்து நடுவில் போய் நின்றது, இன்னொருவர் சொதப்பியபோது சிரித்தது, எல்லாம் கண்ணில் படும். பல நேரம் காரணம் இவ்வளவுகூட இருக்காது. நாலு பெரிய குரல் ஏற்கெனவே இருக்கிறது, ஐந்தாவது வேண்டாம் என்று விட்டிருப்போம்.

காரணம் கேட்டுப் போன் செய்தால் சொல்வேன். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், எழுத்தில் அது திட்டுவது மாதிரி ஆகிவிடுகிறது.

22. மொறையாப் படிச்சுட்டு வரலாம்னு இருக்கேன். எங்க போறது?

டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது, மூன்று வருசப் படிப்பு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கலாம். கன்னடம் பிடிபட்டால் கர்நாடகத்து ஹெக்கோட்டில் நீநாசம் நாடகப் பள்ளி. குறுகிய பட்டறை என்றால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆதிசக்தி நாடகக் குழு. குரல், மூச்சு இரண்டிலும் கெட்டி. படித்துவிட்டு வந்தாலும் ஆடிஷன் உண்டு, 11-ல் சொன்ன அதே காரணம்.

23. போன வருசம் வந்தேன், எடுக்கலைங்க. மறுபடி வந்தா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்களே?

பதினாலு பேரில் இரண்டு பேர் இரண்டாவது தடவையில் வந்தவர்கள், ஒருவர் மூன்றாவது தடவையில். வேறு ஏதாவது தயார் செய்து வாருங்கள். அதையேதான் செய்ய வேண்டும் என்றாலும் சரி, இந்த ஒரு வருசத்தில் அது மாறியிருக்கும்.

அடுத்த ஆடிஷன் மார்கழியில். குடோன் தரை சில்லென்று இருக்கும், ஒரு பாய் கொண்டு வாங்க.